பட்டுச்சேலை உடம்பில் ஆதார் முகம்

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் துட்டி விழுந்தால் முதல் அரை மணி நேரத்துக்குள் இரண்டு வேலைகள் நடந்துவிடும். யாராவது ஒரு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போவான். இன்னொரு பையன் திண்ணை ஓரமாக உட்கார்ந்து போனில் அஞ்சலி வீடியோ செய்ய ஆரம்பிப்பான். கேதம் சொல்ல ஆள் அனுப்பிய காலம் போய்விட்டது. திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற சொந்தங்களுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் கேதம். நீர்மாலைக்குக் கிளம்புவதற்குள் வீடியோ வந்துவிட வேண்டும். பதினாறாம் நாளுக்கு இதைவிட நீளமாக ஒன்று தயாராகும். வசதியிருந்தால் திரை கட்டித் தெருவிலேயே ஓடவிடுவார்கள்.

இந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேகம் நகரும். வெள்ளைப் புறா பறக்கும். இரண்டு பக்கமும் விளக்கு எரியும். நடுவில் தங்க நிறச் சட்டம், அதற்குள் படம். 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதிகள். எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கும் பிறந்த தேதி தெரியாது. அதனால் ஆதார் அட்டையில் இருக்கிற ஜனவரி 1ஐ அப்படியே போட்டுவிடுவார்கள். தெருவில் பாதிப்பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். பின்னணியில் ஒரு சினிமாச் சோகப்பாட்டு. கடைசியில் பேரன் பேத்திகளின் பெயர்ப் பட்டியல், சில நேரம் இறந்தவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

நான் வாய்மொழி வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். 'படிச்சவன்' என்பதால் யார் வீட்டுத் துட்டி என்றாலும் வீடியோவில் எழுத்துப் பிழை பார்க்கும் வேலை என்னிடம் வந்துவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. மேகமும் புறாவும் எல்லாச் சாதிக்கும் ஒன்றுதான். சட்டத்துக்குள் இருக்கும் படம்தான் ஒன்றில்லை.

ஊருக்குள் நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் இறந்தால் படங்களுக்குப் பஞ்சமிருக்காது. கல்யாணக்கோலம், அம்பாசிடர் காரில் சாய்ந்து நின்றது, கோவில் கொடையில் பரிவட்டம் கட்டியது, கட்சித் தலைவரோடு நின்றது, குற்றாலத்தில் குளித்தது என்று வரிசையாக வரும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இறந்தால் வீட்டில் இருப்பவை ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, ஆதார். எல்லாம் அரசாங்கம் எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் 'நேராப் பாரு' என்று யாரோ அதட்டிய முகம். சிரிப்பு கிடையாது, கை கிடையாது, நின்ற இடம் கிடையாது. கழுத்துக்கு மேல்தான் அவர்கள் இந்நாட்டில் பதிவாகியிருக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2023 ஜனவரி 1 முதல், நூறு நாள் வேலை நடக்கும் இடங்களில் ஆட்களைத் தினமும் இரண்டு முறை நிற்கவைத்துப் படமெடுத்து என்.எம்.எம்.எஸ். என்ற செயலியில் ஏற்றுவது நாடு முழுக்கக் கட்டாயமானது. எங்கள் ஊர்ப் பெண்கள் குளத்துக் கரையில் மண்வெட்டியும் சட்டியுமாக வரிசையில் நின்றார்கள். அவர்களது வாழ்நாளில் வேறு யாரும் அத்தனை படம் எடுத்ததில்லை. அவற்றில் ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை. படம் ஏறவில்லை என்று கூலியை நிறுத்த அந்தப் படங்கள் உதவின, அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு உதவவில்லை.

ஆக, ஃப்ளெக்ஸ் கடையிலும் ஸ்டுடியோவிலும் ஒரு வித்தை நடக்கும். ஆதார் அட்டையிலிருந்து முகத்தை வெட்டி, கணினியில் தயாராக இருக்கும் ஓர் உடம்பில் ஒட்டுவார்கள். அரக்கு நிறப் பட்டுச்சேலை, கழுத்தில் சங்கிலி, காதில் கம்மல், தலையில் பூ. ஆண் என்றால் வெள்ளைச் சட்டை, தோளில் கரை வைத்த துண்டு. கை நாற்காலியின் பிடிமேல் இருக்கும். அந்தக் கை யாருடையதோ. ஒரே உடம்பில் எங்கள் தெருவின் மூன்று பாட்டிகளை வேறு வேறு ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன்.

நகரத்திலிருந்து வரும் நம் தோழர்கள் சிலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 'ஏழை உழைப்பாளியைப் பண்ணையார் வீட்டம்மாவாக மாற்றுவது அரசியல் பிழை' என்று ஒரு நண்பர் எனக்கு வகுப்பே எடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் ஒரு பட்டியல்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

இப்போது அந்த அஞ்சலிப் படத்தை மறுபடி பாருங்கள். சங்கிலி, ரவிக்கை, பட்டு, பூ, வெள்ளைச் சட்டை. தடைப் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மீறியது போல இருக்கிறது. ஸ்டுடியோக்காரருக்கு ஹட்டனைத் தெரியாது. பாட்டிக்கு என்ன மறுக்கப்பட்டது என்பது பேரனுக்குத் தெரியும். நியூயார்க்கின் ஹார்லெமில் ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்ற கறுப்பினப் புகைப்படக் கலைஞர் இதே வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். இறந்தவர்களை நல்ல உடையில் கிடத்திப் படமெடுத்து, அதில் தேவதைகளையும் ஒட்டினார். அந்தப் படங்கள் 1978இல் டோனி மாரிசனின் முன்னுரையோடு புத்தகமாக வந்தபோது உலகம் அதைக் கலை என்றது. நம் ஊர்ப் புறாவுக்கு முன்னுரை எழுத இன்னும் யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பட்டுச்சேலையோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை வேறு இரண்டு விஷயங்களோடு.

முதலாவது, வாளும் சிங்கமும். ஆதிக்கச் சாதி இளைஞர்களின் அஞ்சலி வீடியோக்களில் சில ஆண்டுகளாகவே சாதிப் பெருமைப் பாட்டும், பட்டப்பெயர்களும், உறுமும் சிங்கமும் வந்துவிட்டன. அதே டெம்ப்ளேட் இப்போது கொடி நிறம் மட்டும் மாறி எங்கள் தெருவுக்கும் வருகிறது. கூலி வேலை பார்த்தே முதுகு கூனிப்போன ஒரு தாத்தாவை 'ஆண்ட பரம்பரையின் கடைசி வாரிசு' என்று எழுதி என்னிடம் பிழை திருத்தக் கொடுத்தார்கள். ஒற்றெழுத்துப் பிழை ஏதும் இல்லை. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில்தான் நெற்கட்டும்செவல் இருக்கிறது. ஆகஸ்ட் 20இல் ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1இல் பூலித்தேவன் பிறந்தநாள். ஒரே படையில் நின்றவர்கள் என்று சொல்லப்படும் இருவரை நினைவுகூர ஆண்டுதோறும் எங்கள் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுகிறார்கள். செத்தவர்களைச் சாதியின் படைவீரர்களாக மாற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை நாங்கள் சினிமாவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆண்டவன் பேரனாக இருந்தால்தான் ஒருவர் சாவுக்கு அழலாமா? வரப்பு வெட்டியவர் என்று எழுதினால் கண்ணீர் வராதா?

இரண்டாவது, சத்தம். வீடியோவில் துட்டி வீட்டுக் காட்சி வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பார்கள், வாய் அசையும். கேட்பது மட்டும் சினிமாப் பாட்டு. ஒப்பாரியை நிறுத்தி எடிட் செய்கிறோம் என்றால் அந்த வீட்டின் வரலாற்றை நிறுத்துகிறோம் என்று அர்த்தம். எந்த வயலில் நாற்று நட்டாள், எந்த அண்ணன் கைவிட்டான், எந்தப் பிள்ளையை எந்த வருசம் பறிகொடுத்தாள், எவன் கூலியைக் குறைத்தான் என்று அத்தனையும் அந்தப் பாட்டுக்குள் இருக்கும். நூல் எழுத வாய்ப்பில்லாத பெண்கள் வைத்திருந்த பதிவேடு அது. (பறைச்சத்தத்தை இங்கே பேசவில்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம், சாவு சொல்லப் போக மாட்டோம் என்று மறுத்து அடிவாங்கியவர்கள் நம் முன்னோர். அந்த மறுப்பும் ஒரு குடும்பத்தின் அஞ்சலி வீடியோவில் வர வேண்டியதுதான்.)

என் அம்மாச்சி இறந்தபோது இந்தக் கேள்விகள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தன. அவள் வயலில் நடவு நட்டவள். பின்னால், முதுகு வளையாமல் போனதும், பிச்சிப்பூ பறிக்கப் போனாள். அவள் விடியுமுன் பறித்த பூதான் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போகும். ஆய்வுக்காக அவளிடம் பேசிப் பதிவு செய்தவை என் போனில் கிடந்தன. மாமா மகன் வீடியோ செய்ய உட்கார்ந்தபோது நான் அதிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்தேன்.

அதில் அவள் சிரட்டை கதையைச் சொல்வாள். கல்யாணமாகி வந்த புதிதில், வயலில் நடவுக்காரிகளுக்குக் காப்பியைச் சிரட்டையில்தான் ஊற்றுவார்களாம். ஒருநாள் இவள் சிரட்டையை வரப்பில் வீசிவிட்டு 'தம்ளர்ல தந்தா குடிக்கேன், இல்லன்னா வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேலை இல்லை. 'பசியில புளியங்கொட்டைய வறுத்துத் தின்னோம் யய்யா' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எந்த அட்டையிலும் இல்லாதது.

மாமா அதைக் கேட்டதும் போனை வாங்கித் தள்ளி வைத்துவிட்டார்.

'அந்த வீட்டுப் பேரன் மாலையோட வந்து வாசல்ல நிக்கான். அவன் கேக்க இதப் போடுவியா மருமவனே?'

'அவரக் குத்தம் சொல்லல மாமா. அம்மாச்சி செஞ்சதத்தான் சொல்லுது.'

'நீ நாளைக்கு மதுரைக்கு பஸ் ஏறிருவ. டிராக்டருக்கும் கடனுக்கும் நான்தான் அவன் வாசல்ல போய் நிக்கணும். செத்தவள வச்சு எனக்குச் சண்ட வாங்கித் தராத.'

மாமாவைக் கோழை என்று சொல்ல நான் தயாராக இல்லை. 50 ஆண்டுக்கு முன் ஒரு சிரட்டைக்கு இரண்டு மாதப் பட்டினி விலை. இன்றைக்கு ஒரு வீடியோவுக்கு என்ன விலை என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை வேண்டுமென்றால், அந்த விலையில் நானும் பங்கு கொடுக்க வேண்டும். கடைசியில் மாமா மகன்தான் வழி சொன்னான். 'அத்தான், ரெண்டா செஞ்சிருவோம்.' ஸ்டேட்டஸில் போனதில் அவள் நடவைப் பற்றிப் பேசும் 40 விநாடிகள் மட்டும். பதினாறாம் நாள் ராத்திரி, வெளியாட்கள் போன பிறகு, வீட்டுச் சுவரில் முழுதும் ஓடியது. சிரட்டை இடம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு கிழவி சத்தம் போட்டாள்: 'அவ மட்டுமா எறிஞ்சா? நாங்க மூணு பேருல்லா எறிஞ்சோம்! எம்பேரச் சொல்லாம போயிட்டாளே!' தெருவே சிரித்தது. மறுநாள் காலையில் அந்தக் கிழவி வீட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பெண்ணின் பெயர் கிடைத்தது. இப்போது உயிரோடு இல்லை. அவளுக்கு வாக்காளர் அட்டைப் படம்கூட இல்லை.

மாமாவின் பயத்தில் இன்னொரு பாதியும் உண்டு: வீடியோ என்றால் வம்பு. எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர முடியாது, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கடைக்காரர் அதைத் தானே படமெடுத்துப் பரப்பினார். பெருமைக்காக எடுத்தது வழக்குக்குச் சாட்சியானது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பிள்ளைகள் தின்பண்டம் மறுக்கப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்குமா? படம் இருந்தது அதுதான் முதல் தடவை.

சாவுக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நின்றவர்களில் யாரோ போனில் எடுத்தார்கள். அந்த வீடியோவுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து அரசிடம் கேள்வி கேட்டது. அதற்கு மூன்று ஆண்டுக்கு முன், 2016 ஜனவரியில், நாகை மாவட்டம் திருநாள்கொண்டசேரியில் உயர் நீதிமன்ற உத்தரவே கையில் இருந்தும் பொதுப்பாதையில் உடலைக் கொண்டுபோக விடவில்லை. போலீசே உடலை எடுத்துப்போய் அடக்கம் செய்தது. மேகத்துக்கு நடுவே புறா பறக்கும் நம் வீடியோக்களில் வீடு வரும், சப்பரம் வரும், பிறகு நேராகச் சொர்க்கம் வந்துவிடும். நடுவில் உள்ள பாதை வராது. அந்தப் பாதை எவ்வளவு தூரம், யார் வயல் வரப்பு, மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரா, தெருவிளக்கு உண்டா என்பதெல்லாம் இறந்தவரின் கடைசிப் பயணத்தில் சேராதா?

1955இல் அமெரிக்காவில் எம்மட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை வெள்ளை வெறியர்கள் கொன்றபோது, அவன் தாய் மேமி டில் சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார், படமெடுக்க அனுமதித்தார். கறுப்பினப் பத்திரிகையான 'ஜெட்' அதை வெளியிட்டது. சிதைந்த அந்த முகத்தை நாடே பார்த்தது. எல்லாத் தாய்களிடமும் இதைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் எதைக் காட்டுவது என்பதை முடிவு செய்தது அந்தத் தாய் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் நெல்லையிலேயே 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் இல்லையென்றால் என் வயதுக்காரர்கள் அந்த ஆற்றங்கரையில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம்.

இன்னும் பின்னால் போனால், அம்பேத்கர். 1956 டிசம்பர் 6இல் டெல்லியில் இறந்தார். மறுநாள் பம்பாய் தாதரில் ராஜகிருகத்திலிருந்து கடற்கரை வரை லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். அதைப் படச்சுருளில் எடுத்தவர் நாம்தேவ் வட்கர், மராத்தி எழுத்தாளர், கலைஞர். உதவிக்கு யாரும் வராதபோது தன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, கேமராவும் ஃபிலிமும் ஏற்பாடு செய்து எடுத்தார். அந்தக் கடனால் நொடித்தும் போனார். டிசம்பர் 6 அன்று நாம் ஸ்டேட்டஸில் வைக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு தனி மனிதனின் அடமானப் பத்திரம் இருக்கிறது. நமக்கு ஃபிலிம் வாங்க வேண்டியதில்லை. எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, அதை நாம் பெரும்பாலும் நம் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் இல்லை. செத்த பிறகு முகம் தேடாமல், இருக்கும்போதே எடுங்கள். முகத்தைவிடக் கையை எடுங்கள்: பூக் கட்டுவதை, பீடி சுற்றுவதை, தறியில் நூல் கோப்பதை. 'உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்டால் யாருக்கும் பேச்சு வராது. 'காப்பி எதுல ஊத்துனாங்க' என்று கேளுங்கள், பேச்சு நிற்காது. எடுக்கும் முன் எதை ஊருக்குக் காட்டலாம், எதை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதிவு செய்யுங்கள். மாமாக்களோடு சண்டை வரும்போது அது கை கொடுக்கும். பெண்களின் பெயரை 'இன்னாரின் துணைவியார்' என்று முடிக்காமல் அட்டையில் உள்ள பெயரையும் தெருவில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்துப் போடுங்கள். வீட்டிலிருந்து மயானம் வரைக்கும் ஒருமுறை நடந்து எடுத்து வையுங்கள், வெட்டாமல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் தேய்ந்துவிடும். மூலக் கோப்பைப் பென்டிரைவில் ஒன்றும் வெளியூரில் இருக்கும் ஒருவரிடம் ஒன்றுமாக வையுங்கள். எங்கள் பக்கம் போன் மாற்றும்போதுதான் பாதி வரலாறு அழிகிறது.

ஆடித்தபசுக்கு வெளியூரிலிருந்து எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். வரும்போது போனில் ஒரு மணி நேரப் பதிவுக்கு இடம் காலி செய்துகொண்டு வாருங்கள்.